ஓய்ந்த பின்னர் பறப்பது

காற்றையே நம்பிப் பறப்பதற்கென்று படைக்கப்பட்ட கிளைடருக்கு மோட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் சமதரையில் நின்றுகொண்டு மாதிரிக் கிளைடர் விட விரும்புவோன், அதனை முதலில் உயரத்துக்குக் கொண்டு சேர்க்க ஏதேனும் ஒரு வழி தேடத்தான் வேண்டும். மலைச்சாரல் இருந்தால் அங்கிருந்து எறியலாம். நீண்ட நூல் கட்டிப் பட்டம் ஏற்றுவது போல இழுத்தோடியும் ஏற்றலாம். இரண்டும் இயலாதவிடத்து மூக்கில் ஒரு சிறு மின்மோட்டரைப் பூட்டிச் சிறிது நேரம் ஓடவிட்டு, வேண்டிய உயரம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியதும் விசிறியின் இரண்டு இதழ்களும், தாமரை கூம்புவது போல, உடலோடு மடிந்துகொள்கின்றன. அதன்பின் பேசவேண்டியவை காற்றும் சிறகுமே. வேலையை விரைவில் முடித்துவிட்டு வழிவிட்டு ஒதுங்குவதே இந்த மோட்டரின் தருமம்.

இத்தனையும் நாம் அறிந்துகொண்டது சென்ற ஓகஸ்ட் விடுமுறையில், ஜேர்மனியின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிறு பட்டினத்தில், நமது தமையனார் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோதாகும்.

தமையனார் 1985 ஆம் ஆண்டில் இந்நாட்டை விட்டுப் புறப்பட்டவர். அப்பொழுது நமக்கு வயது ஐந்து. வடமராட்சிக் கரையிலே வளர்ந்த அவர் பட்டம் கட்டுவதிற் கைதேர்ந்தவர். விண் பூட்டிய பட்டத்தை மாலையில் ஏற்றிக் கட்டிவிட்டு, இரவு முழுவதும் அதன் ஓசையைக் கேட்டவாறு முற்றத்திற் படுத்திருப்பார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். போன இடத்திலும் அந்தப் பழக்கம் அவரை விட்டுவிடவில்லை. 1994 ஆம் ஆண்டில், பல்சா மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும், இரண்டு மீற்றர் சிறகு விரிவுள்ள மின்கிளைடர் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிப் பறக்கவிட்டார். மூன்றாண்டுகளுக்கு முன்னர் அவருக்குப் பாரிசவாதம் கண்டது. வலக்கை வழங்காது போயிற்று. பேச்சும் சில சொற்களாகக் குறுகிற்று. அன்று தொட்டுக் கிளைடர் வீட்டு நிலவறையிலே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அங்கே இறங்கிப் போவதில்லை.

நாம் போயிருந்த வேளையில் அக்கிளைடர் பற்றி வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பழைய பற்றறியிலிருந்து வெண்பொடி கசிந்திருப்பதைக் கண்ட அண்ணியார், அதனை யாருக்கேனும் கொடுத்துவிடலாம் என்றார். பதினேழு வயதுப் பெறாமகனோ, புதிய தூரிகையிலா மோட்டர் ஒன்றைப் பூட்டித் தானே பறக்கவிடுவதாகச் சொன்னான். அதற்கு மூக்கை அறுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னான். தமையனார் ஒன்றும் சொல்லவில்லை. பௌதிகம் படிப்பிக்கிறவர் என்ற காரணத்தால் நாம் நடுவராக்கப்பட்டோம்.

வழக்குக்குள் நுழையுமுன், அந்த நாட்டில் இந்த விளையாட்டுக்குள்ள மதிப்பைச் சொல்லவேண்டும். தமையனார் வீட்டிலிருந்து மோட்டர்க்காரில் ஒரு மணிநேர ஓட்டத்தில் வாசர்குப்பே என்னும் மலை இருக்கிறது. உயரம் 950 மீற்றர். முதலாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியரின் இயந்திர விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பறக்கும் ஆசையைக் கைவிட மனமில்லாத இளைஞர்கள் மோட்டர் இல்லாத விமானங்களோடு இம்மலையில் ஏறினார்கள். 1920 இல் அங்கே முதற் போட்டி நடைபெற்றது. 1922 ஓகஸ்ட் மாதத்தில் ஆதர் மார்ட்டன்ஸ் என்பவர் மலைக்காற்றை மாத்திரமே துணையாகக் கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார். இன்று அங்குள்ள கிளைடர் நூதனசாலையில் மாதிரி விமானங்களுக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாமும் சென்று பார்த்தோம். சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடக்கூடிய ஒன்றுக்கு ஒரு சமுதாயம் இவ்வளவு மரியாதை செய்வதைக் கண்டபோது, நம்மூர்ப் பட்டக்காரரை நினையாதிருக்க முடியவில்லை.

இனி மோட்டருக்கு வருவோம். பழைய மோட்டரின் உள்ளமைப்பை மாணவர்கள் பாடப்புத்தகத்திற் படித்திருப்பார்கள். வெளிக்கூட்டின் உட்சுவரில் நிலைக்காந்தங்கள். நடுவே சுழலும் அச்சில் கம்பிச்சுருள்கள். சுருள் இடைவிடாது ஒரே திசையிற் சுழலவேண்டுமாயின், அதனூடே பாயும் மின்னோட்டத்தின் திசையை வேளை தவறாமல் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அச்சிலுள்ள செப்புத் திசைமாற்றியும், அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு காபன் தூரிகைகளும் இந்த வேலையைச் செய்கின்றன. எளிமையான, அழகான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் உரசுவது தேயும். உரசுமிடத்திற் பொறி பறக்கும், வெப்பம் பிறக்கும், மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். பொறி எழுப்பும் இரைச்சல் வானொலிக் கட்டுப்பாட்டைக் குழப்பாதிருக்கத் தமையனார் மோட்டரின் முதுகில் மூன்று சிறு மின்கொள்ளளவிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். முப்பது வருடங் கழிந்தும் அந்தப் பற்று பளபளத்தது.

தூரிகையிலா மோட்டரில் இந்த அமைப்பை உள்வெளியாகப் புரட்டிவிட்டார்கள். சுருள்கள் நடுவே அசையாமல் நிற்கின்றன. காந்தங்களைத் தாங்கிய வெளிக்கூடு அவற்றைச் சுற்றிச் சுழல்கிறது. அசையாத சுருளுக்கு மின் கொடுக்கத் தூரிகை வேண்டியதில்லை. மூன்று கம்பிகள் போதும். எந்தக் கம்பிக்கு எப்பொழுது மின் செலுத்துவது என்பதை ஒரு சிறு மின்னணுக் கருவி தீர்மானிக்கிறது. காந்தம் எவ்விடத்தில் நிற்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? இங்கேதான் நம்மை வியக்கவைத்த நுட்பம் இருக்கிறது. எந்தக் கணத்திலும் மூன்று கம்பிகளில் இரண்டிலேதான் மின் பாய்கிறது. ஓய்ந்திருக்கும் மூன்றாவது கம்பியில், கடந்து செல்லும் காந்தம் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடுகிறது. 1831 இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அது. அந்த மெல்லிய குறிப்பைக் கேட்டு, அடுத்த கம்பி எதுவென்று கருவி அறிந்துகொள்கிறது. இது ஒவ்வொரு செக்கனிலும் மிகப் பல தடவை நடக்கிறது. விசிறி எதிர்த்திசையிற் சுழன்றால், மூன்றில் ஏதேனும் இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டினால் சரியாகிவிடும்.

இந்த மாற்றம் முன்பே நிகழாததற்குக் காரணம் உண்டு. வலிமை மிக்க நியோடிமியம் காந்தம் 1980களின் முற்பகுதியில், அமெரிக்காவிலும் யப்பானிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவாயிற்று. இலிதியம் அயன் பற்றறி 1991 இலேதான் சந்தைக்கு வந்தது. அதற்கு அடிகோலிய மூவருக்கு 2019 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றோடு மலிவான மின்னணுக் கருவியும் சேர்ந்த பின்னரே இவை சாதாரண மனிதன் கைக்கு எட்டின. அதற்கு முன்னரும் முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1957 யூன் 30 ஆந் திகதி இங்கிலாந்தில் கேணல் டப்ளின் என்பவர், வெள்ளி-நாகப் பற்றறிகளைக் கொண்டு வானொலியால் இயக்கும் மின்விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். மாதிரி மின்விமானங்களிலே பல்லாண்டு உழைத்த பிரெட் மிலிட்கியின் முயற்சியால், 1973 ஒற்றோபரில் ஒஸ்திரியாவில், ஆளை ஏற்றிய மின்விமானமே சில நிமிடம் வானிற் பறந்தது. விளையாட்டுச் சாமான் ஆளைச் சுமக்கக் கற்றுக்கொண்ட கதை அது.

வழக்குக்குத் திரும்புவோம். பெறாமகன் முதலிலே தேர்ந்தெடுத்தது 100 கிராம் நிறையுள்ள ஒரு சிறு மோட்டர். பழையது 220 கிராம். பழைய பற்றறி ஏழு நிக்கல்-கட்மியக் கலங்கள் கொண்டது. நிறை 400 கிராம். அதற்குப் பதிலாக 180 கிராம் இலிதியம் பற்றறி. “சித்தப்பா, முந்நூற்று நாற்பது கிராம் மிச்சம்! இராக்கெற் மாதிரிப் போகும்” என்று அவன் துள்ளினான்.

அப்பொழுதுதான் தமையனார், அன்றைக்கு முதன்முறையாக, வாய் திறந்தார். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல வந்தன.

“மேலை போறதை விடு. நிண்டாப்பிறகு என்னெண்டு இறங்கும்? அதைச் சொல்லு.”

நாம் கடதாசியும் பென்சிலும் எடுத்தோம். கிளைடர் சமநிலையிற் பறக்கவேண்டுமாயின், அதன் புவியீர்ப்பு மையம் சிறகில் குறிக்கப்பட்ட இடத்திலேயே நிற்கவேண்டும். மையம் பின்னே நகர்ந்தால் கிளைடர் மூக்கை உயர்த்தித் தடுமாறி விழும். மூக்கைக் கனக்கச் செய்து வாலுக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தவை பழைய மோட்டரும் பற்றறியுமே. மோட்டர் மையத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் முன்னே. 220 ஐ 30 ஆற் பெருக்க 6600. பற்றறி 12 சென்ரிமீற்றர் முன்னே. அதன் திருப்பம் 4800. ஆகமொத்தம் 11400. பெறாமகனின் சிறு மோட்டர் தருவது 3000. புதிய பற்றறியை மோட்டருக்குப் பின்னால் இயன்றமட்டும் நெருக்கி 24 சென்ரிமீற்றரில் வைத்தாலும் அது தருவது 4320. இரண்டுஞ் சேர்ந்து 7320. குறைவதை ஈடுசெய்ய மூக்கில் 136 கிராம் ஈயம் வைக்கவேண்டும்! பாரத்தைக் குறைப்பதற்கென்று பணஞ் செலவிட்டுவிட்டு, அதன் ஐந்தில் இரண்டு பங்கை ஈயமாகத் திருப்பி ஏற்றுவது கெட்டித்தனமாகுமா?

பையன் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தான். பின்னர் அவனே விலைப்பட்டியலைப் புரட்டி, 160 கிராம் மோட்டர் ஒன்றையும் 250 கிராம் பற்றறி ஒன்றையும் கண்டெடுத்தான். அவற்றின் திருப்பம் 10800; ஈயம் 20 கிராம் போதும். மொத்த நிறையை ஒப்பிட்டால் முதல் ஏற்பாட்டிலும் 14 கிராம் மாத்திரமே கூடுதல். ஆனால் முன்னையதிற் செத்த ஈயமாகக் கிடந்த பாரம் இங்கே செப்பும் காந்தமும் மின்சாரமுமாகி உழைக்கிறது. பழையதோடு ஒப்பிட்டால் 190 கிராம் இலாபம். கிளைடரின் முழுநிறை 1700 கிராமிலிருந்து 1510 ஆக இறங்கிற்று.

தமையனாரின் கேள்விக்கும் இந்தக் கணக்கே விடை தந்தது. ஓர் அடி இறங்குகையில் எத்தனை அடி முன்னேறும் என்பது நிறையைப் பொறுத்ததன்று. சிறகின் வடிவத்தைப் பொறுத்தது. நிறை குறைந்தால் வேகம், அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப, குறைகிறது. நமது கிளைடர் நூற்றுக்கு ஆறு வீதம் மெதுவாகப் பறக்கும். அதே வீதம் மெதுவாக இறங்கும். அமைதியான மாலை வேளைக்கு இது நல்லதே. எதிர்காற்று வீசும் நாளில் பாரமான பழைய கிளைடரே திறமாக ஊடறுத்துப் போயிருக்கும். எல்லாம் முன்னேற்றமே என்று சொல்லும் விளம்பரக்காரர்கள் இதனைச் சொல்வதில்லை.

அவர்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அண்ணியாரின் அச்சத்துக்கு நியாயம் அதிலிருந்தது. பழைய மோட்டரின் சிறு விசிறி கையில் பட்டால் வலிக்கும். புதியதன் பதினொரு அங்குல விசிறி விரலை அறுத்துவிடும். இலிதியம் பற்றறி மிகையாக ஏற்றப்பட்டாலோ அடிபட்டுப் புடைத்தாலோ தீப்பற்றும். ஆகவே ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. பற்றறியை ஏற்றும் வேளையில் ஆள் அருகே இருக்கவேண்டும். தீப்பிடியாத பையில் வைத்தே ஏற்றவேண்டும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது விசிறி பூட்டலாகாது. அந்நாட்டில் மாதிரி விமானம் விடுவோருக்குக் காப்புறுதி கட்டாயம். அது கழகத்தின் வழியாக முன்னரே இருந்தது. அண்ணியார் ஒப்பந்தத்தைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார். கசிந்த பழைய கலங்களைக் கையுறையிட்டுப் பொதிந்து சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்தவரும் அவரே. கட்மியம் நஞ்சு, குப்பையிற் போடத்தக்கதன்று.

மூக்கை அறுக்கவேண்டியிருக்கவில்லை. பழைய மோட்டர் இருந்த வளையத்தின் அளவுக்கு ஒட்டுப்பலகையில் ஒரு வட்டம் வெட்டி, நான்கு துளையிட்டு, அதிலே புதியதைத் திருகி உள்ளே ஒட்டினான் பையன். வெளிக்கூடு சுழல்வதால் கம்பிகள் அதனை உரசாதவாறு கட்டவேண்டும். புதியவர்கள் பலரின் மோட்டர்கள் இதனாலேதான் கெடுகின்றன. விசிறி மடியவேண்டுமாயின் மோட்டர் நின்றவுடன் அச்சு அசையாது நிற்கவேண்டும். அதற்கான தடையைக் கருவியிலே தெரிந்து வைக்கவும் மறக்கலாகாது. தமையனார் சக்கர நாற்காலியில் நிலவறை வாயிலிலே அமர்ந்திருந்தார். பையன் துளையிட எடுத்த அலகு பெரிதாயிருந்தபோது இடக்கையாற் சுவரைத் தட்டினார். சரியான அலகை எடுத்ததும் தட்டுவது நின்றது.

பறக்கவிட்டது ஒரு ஞாயிறு மாலை. கழகத்தின் புற்றரையைச் சுற்றிக் கோதுமை அறுவடையான வயல்கள். முன்னர் 100 மீற்றர் ஏற ஏறக்குறைய 40 செக்கன் எடுத்ததாம். இப்பொழுது 13 செக்கன். காரணம் விளங்காததன்று. பழைய பற்றறி கொடுத்த 175 உவாற்றில் ஒரு பெரும் பங்கு தூரிகையிலும், அதிவேகமாகச் சுழன்ற சிறு விசிறியிலும் கழிந்துபோனது. புதியதற்கு 260 உவாற்று வரை கிடைக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு அச்சுக்கு வருகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று கூடிய காற்றைத் தள்ளுகிறது. ஒருமுறை ஏற்றிய பற்றறியில் முன்னர் ஆறு ஏற்றம். இப்பொழுது இருபத்தைந்துக்குக் குறையாது. ஆனால் நமது நெஞ்சில் நின்றது ஓசையே. தமையனாரின் பழைய ஒளிப்படச் சுருளில் நாம் கேட்ட மோட்டர் பல்வைத்தியரின் கருவி போலக் கீச்சிட்டது. இதுவோ மெல்ல இரைந்தது; பின்னர் நின்றது. விசிறி மடிந்தது.

மூன்று நிமிடத்திற் கிளைடர் தாழ்ந்துவிட்டது. பையன் மீண்டும் மோட்டரை ஓட்டக் கை வைத்தான். அவ்வேளை தமையனார் இடக்கையை உயர்த்தி வயலின் கிழக்கோரத்தைச் சுட்டினார். அங்கே ஒரு பருந்து, சிறகை அசைக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. வெயிலிற் சூடேறிய தாளடி நிலத்திலிருந்து வெப்பக்காற்று மேலெழுகிறதென்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பையன் கிளைடரை அப்பக்கம் திருப்பினான். சிறகு ஒருமுறை குலுங்கியது. தமையனாரின் கை காற்றில் ஒரு வட்டம் வரைந்தது. பையன் கிளைடரை அவ்வாறே வட்டமிடச் செய்தான். கை சற்றே இடமாகச் சாய்ந்தது, கிளைடரும் சாய்ந்தது. மோட்டர் ஓடாமலே அது ஏறிற்று. தந்தையும் மகனும் ஒரு சொல்லும் பேசவில்லை. பதினொரு நிமிடங் கழித்துப் பருந்து வேறிடம் போனபோதுதான் தமையனார் கையைத் தாழ்த்தினார்.

நாம் ஊருக்குப் புறப்பட்ட நாளன்று அவர் பழைய மோட்டரை நமது கையில் வைத்தார். “பிள்ளையளுக்குக் காட்டு” என்றார்.

இப்பொழுது அது நமது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூட மேசையில் இருக்கிறது. பின்மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். திசைமாற்றியின் மூன்று செப்புத் துண்டுகளிலும் தூரிகை உரசி உண்டாக்கிய பள்ளம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. தொட்ட மாணவர்களின் விரல்களிற் கரி ஒட்டிக்கொள்கிறது. சென்ற மாதம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, இந்தப் பள்ளம் விழுவதற்கு அது எத்தனை தடவை பறந்திருக்கவேண்டும் என்று கேட்டாள். நமக்கு விடை தெரியாது. ஜேர்மனிக்கு எழுதிக் கேட்டோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. பழைய பறப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம். கீழே, புதிதாக, இடக்கையால் எழுதிய கோணலான இலக்கங்கள்: 412.